மௌன குருவே, வாழ்க!

மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுப் புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு பல்கலைக்கழகத்தையாவது திட்டித் தீர்த்துவிடுகிறார்கள். நன்றி கெட்டவர்கள். நானும் முதுகலை ஆய்வுப் பட்டம் வாங்கியவன்தான். எனக்கு வாய்த்த நிறுவனம் செய்த நன்மைகளை ஊரறியச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். பெயரை மட்டும் சொல்லமாட்டேன். ஒன்றைப் புகழ்ந்தால் மற்றவை கோபித்துக்கொள்ளும்.

முதல் நன்மை, பணிவு. சான்றிதழ் நகல் ஒவ்வொன்றிலும் 'அசல்போலவே உள்ளது' என்று ஓர் அதிகாரி முத்திரை குத்தவேண்டும். நான் படித்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியரைத் தேடிப் போனேன். ஆறாம் ஆண்டுக் கணக்குத் தாளை அவர் மறக்கவில்லை, சந்தேகத்தோடுதான் குத்தினார். பிறந்தேன், படித்தேன், தேறினேன் என்பதற்கெல்லாம் சாட்சி கேட்ட படிவம், எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்பதற்கு ஒரே ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தது. இரண்டு வரிக்கு மேல் தட்டினால் கணினி ஏற்கவில்லை. சுருங்கச் சொல்லும் கலையை அன்றைக்கே கற்றேன்.

இரண்டாவது, மேற்பார்வையாளர். ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் இடம். ஒன்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. விவரம் அறியாதவர்கள் இதை அலட்சியம் என்பார்கள். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி நான்கு முனிவர்களுக்கு வாய் திறக்காமலே உபதேசித்தார் அல்லவா? அவர்கள் நால்வருக்கு ஒரு குரு. எனக்கு ஒருவனுக்கே ஒன்பது. பத்தாமவர் மட்டும் விரதத்தை முறித்து, 'நோட்டட்' என்று ஒரு சொல் எழுதினார். அன்று பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களுக்கு என் செலவில் வாழையிலைச் சாப்பாடு.

சேர்ந்த பிறகும் அவர் அருள் குறையவில்லை. ஒரு கட்டுரையை எப்படிப் படிப்பது, எழுதியவர் சொல்வதில் எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்து என்னைக் குழப்பவில்லை. மூன்று மாதம் கழித்து என் வரைவு திரும்பி வந்தபோது முப்பத்திரண்டு திருத்தங்கள் இருந்தன. அத்தனையும் காற்புள்ளிகள். என் கருத்தில் அவர் கை வைக்கவே இல்லை. இவ்வளவு கருத்துச் சுதந்திரம் வேறெங்கே கிடைக்கும்?

நான் கொண்டுபோன ஆசை சின்னது. என் பாட்டி கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, மங்கு துடைத்தது, ஒட்டுப்பால் சேர்த்தது என்று அவர் பேச்சில் வரும் சொற்கள், தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் எங்கே போயின? எதெது பேரப்பிள்ளைகள் வாயில் தங்கியது? இதைத் தேடலாம் என்றிருந்தேன். "அளக்க முடியாது" என்றார் குரு. 'மொழி மனப்பான்மை: ஓர் அளவியல் நோக்கு' என்று தலைப்பு பக்குவப்பட்டது. ஆய்வு தொடங்குமுன்பே 'எதிர்பார்க்கும் முடிவுகள்' என்ற பகுதியை எழுதித் தரவேண்டும். அந்த ஞானதிருஷ்டியும் இலவசமாகவே கிடைத்தது.

ஒன்று முதல் ஐந்து வரை குறிக்கும் வினாத்தாளை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். ஒரே நாளில் நூற்றுக்கு மேல் பதில். பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் மூன்று. என் சித்தி, பிள்ளைகளின் போனிலிருந்தும் நிரப்பி அனுப்பி ஆய்வுலகுக்குத் தொண்டாற்றினார். பாட்டிதான் அவசரப்பட்டுவிட்டார். நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன்பே, ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர், எழுபதுக்கும் மேற்பட்ட தோட்டச் சொற்களை விளக்கத்தோடு சொல்லி முடித்தார். அனுமதிக்கு முன் சொன்னதால் அது தரவு ஆகாது. வெறும் பேச்சு. சித்தி குறித்த மூன்றுகள்தாம் தரவு.

அடுத்து, ஸ்கோப்பஸ் என்னும் ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ் ஒன்றில் கட்டுரை வரவேண்டும். யாரும் என்னை மதிக்கவில்லை என்று வருந்தியிருந்த நாளில், முன்பின் தெரியாத இதழ்கள் 'மாண்புமிகு பேராசிரியரே' என்று மின்னஞ்சலில் அழைத்தன. சில நூறு வெள்ளி அனுப்பினால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஏற்பு. அமெரிக்காவில் டென்வர் நகரத்து நூலகர் ஜெஃப்ரி பீல், இப்படிக் காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்களையெல்லாம் பட்டியல் போட்டு, அந்த அன்புள்ளங்களை நோகடித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, 2017 ஜனவரியில் பட்டியலை எடுத்துவிட்டார்.

எண்ணிக்கையின் அருமை தெரியாதவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 2004-இல் லண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழின் உலகத் தரவரிசையில் மலாயாப் பல்கலைக்கழகம் 89-ஆம் இடம் பிடித்தது. பதாகைகள் பறந்தன. மறு ஆண்டே 169-க்கு இறங்கியது. மலேசியச் சீனரையும் இந்தியரையும் முதல் ஆண்டில் வெளிநாட்டு மாணவர் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டு பிழையைத் திருத்திவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், ஓராண்டு அந்நியராக இருந்து தாய்நாட்டின் பெருமையை உயர்த்திக் கொடுத்தோம். ஒரு வரி எழுதவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. இதைவிடச் சிக்கனமான ஆய்வுப் பங்களிப்பு உண்டா?

இதையெல்லாம் நினைக்கும்போது தனிநாயகம் அடிகள் மீது பரிதாபம் வருகிறது. 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவர். என்ன பயன்? நாடு நாடாக நூலகங்களில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். 1679-இல் அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, அதே 1966-இல் இங்கே மறுபதிப்பாக்கினார். ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய சொற்களுக்காக அவ்வளவு தூரம் அலைந்தவருக்கு, நாற்காலியை விட்டு எழாமல் வாட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்ப வழி சொல்ல ஆளில்லை.

எனக்கு அந்தக் குறை இல்லை. விவா என்னும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் அட்டவணைகளின் எண் வரிசையைச் சரிபார்த்து வாழ்த்தினார்கள். ஆய்வேட்டைத் தடித்த அட்டை போட, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். முதுகில் தங்க எழுத்து பதித்துக்கொண்டிருந்த கடைக்காரர் தலை நிமிர்ந்து, "இவ்ளோ பக்கம் எழுதியிருக்கீங்களே தம்பி, என்னதான் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

பாவம், அவருக்கு ஆய்வுமுறை தெரியாது.