அண்ணாச்சி, லைட்டு!

2017 ஜூன் மாதம் புது வண்டி எடுத்த அன்று, பாளையங்கோட்டை சமாதானபுரத்திலிருந்து டவுண் ஆர்ச் போய்ச் சேர்வதற்குள் முப்பத்தொரு பேர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். எண்ணிக்கொண்டே போனேன். பதினெட்டு வருஷமாக அதே சாலையில் போய்வருகிறேன். அதுவரை என்னைப் பார்த்துக் கை காட்டிய ஒரே ஆள் டிராபிக் போலீஸ்காரர்தான்.

வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, ஐந்து விரல்களையும் மொட்டுப்போலக் குவித்து, படக்கென்று விரித்து, மறுபடி குவித்து, மறுபடி விரிப்பார்கள். பரத நாட்டியத்தில் தாமரை மலர்வதற்குப் பிடிக்கிற முத்திரைக்குத் தம்பி என்று சொல்லலாம். நம்மூர்ச் சாலைகளில் அதற்கு ஒரே பொருள்: லைட்டு.

முதல் ஆள் காட்டியதுமே என் வலது கட்டைவிரல் தன்னிச்சையாக சுவிட்சைத் தேடிப் போனது. இருபது வருஷப் பழக்கம். ஸ்டார்ட்டர் பட்டனுக்குப் பக்கத்தில், லைட் சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில், வழவழவென்று பிளாஸ்டிக். தடவினேன். விழுந்துபோன பல்லின் இடத்தை நாக்கு தடவுமே, அந்த மாதிரி. முருகன்குறிச்சி சிக்னலில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். டிம்முக்கும் பிரைட்டுக்கும் மாற்ற இடது பக்கம் ஒரு சுவிட்ச் இருந்தது. அணைக்க ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஸ்கூட்டியில் நின்ற அக்கா, "லைட்டு எரியுது பாருங்க" என்றார். "பாத்துக்கிட்டுதாங்க்கா இருக்கேன்" என்றேன். "பாத்துக்கிட்டே இருந்தா அணையுமா?" என்று கேட்டுவிட்டு, பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

விஷயம் இதுதான். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனம் எதிலும் முகப்பு விளக்கை அணைக்கும் வசதி இருக்கக்கூடாது. இன்ஜின் ஓடினால் விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் நின்றால் அணைய வேண்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு வலியுறுத்தி, மத்திய அரசு போட்ட விதி. ஐரோப்பாவில் 2003-லிருந்தே இப்படித்தான். தேதி ஏப்ரல் ஒன்றாகப் போனதால் ஜனங்கள் நம்பவில்லையோ என்னவோ. எனக்கு வண்டி விற்ற பையன் மைலேஜ் சொன்னான், டிக்கியின் கொள்ளளவு சொன்னான், சாவிக்கொத்தில் பிள்ளையார் இலவசம் என்றான். இதை மட்டும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு அண்ணாச்சி அதே வண்டியை இரண்டே மாதம் முந்தி வாங்கியிருந்தார். மார்ச் 29-ஆம் தேதி, பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் செய்த வண்டிகளை ஏப்ரல் முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், மாதத்தின் கடைசி இரண்டு நாள் ஷோரூம்களில் தீபாவளிக் கூட்டம். அண்ணாச்சி அதில் முண்டியடித்து ஆயிரக்கணக்கில் தள்ளுபடி வாங்கினார். தள்ளுபடியோடு சுவிட்சும் கிடைத்தது. காலையில் நான் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று தம் வண்டியின் லைட்டை ஒரு தடவை போட்டு, ஒரு தடவை அணைப்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

நம் ஜனங்களைக் குறை சொல்லவில்லை. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போவார்கள், ஒருவழிப் பாதையில் எதிர்வழியாக வருவார்கள். ஆனால் அடுத்தவன் வண்டியில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை துரத்திவந்து சொல்லாமல் விடமாட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் சேலைத் தலைப்பு சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்தால் போதும், நாலு திசையிலிருந்தும் குரல் வரும். சொந்த உயிரைப் பற்றி நமக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அடுத்தவன் உயிர் என்றால் பதறிவிடுவோம். அந்தக் கருணை மொத்தமும் 2017-இல் என் ஹெட்லைட்டின் மீது திரும்பியது.

வீட்டில் மாமனார். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆளில்லாத அறையில் பேன் ஓடினால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பல்பின் மேல் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"முப்பத்தஞ்சு வாட்ஸ். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவீய மாப்ள?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும் மாமா."

பழைய டைரியை எடுத்துக் கணக்குப் போட்டார். "வருசத்துக்கு இருபத்தஞ்சரை யூனிட்டு. அதுவும் பட்டப்பகல்ல. சூரியனுக்கு டார்ச் அடிச்சுக் காட்டுத மாதிரில்லா இருக்கு."

வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று முந்தின வருஷம்தான் அரசு அறிவித்திருந்தது. அதை நினைவூட்டினேன். "அது வீட்டுக்கு. வண்டிக்கு எவன் குடுக்கான்?" என்றார். இன்ஜின் ஓடும்வரை மேக்னெட்டோ கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், பேட்டரி தீராது, பெட்ரோலில் ஏதோ கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், அவ்வளவுதான் என்று விளக்கினேன். மின்சாரத்தைப் பற்றித் தமக்கே விளக்கம் சொல்கிற மருமகனை அவர் பார்த்த பார்வையில் அறுபது வாட்ஸாவது இருக்கும். மறுநாள் அவரே மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். "முந்நூறு ரூவா குடுங்க சார், ஒயரை இடையில கட் பண்ணி ஒரு சுவிட்ச் வச்சிருதேன்" என்றான் அவன். கை அரித்தது. ஆனால் நான் ஏற்கெனவே இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துத் தொலைத்திருந்தேன்.

ஹாரி ஹர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தார். திரும்பத் திரும்ப வருகிற கதை ஒன்றுதான்: கார்க்காரர் குறுக்கே திரும்புகிறார், மோட்டார் சைக்கிள் மோதுகிறது, "நான் பார்க்கவே இல்லையே" என்கிறார். பொய்யில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துமிருப்பார்; வண்டி அவர் மூளையில் ஏறியிருக்காது. எதிரே வரும் லாரி நெருங்க நெருங்கச் சுவர்போல விரியும். மோட்டார் சைக்கிளோ ஓர் ஆள் அகலம். தூரத்தில் குச்சி, பக்கத்தில் வந்தாலும் கொஞ்சம் தடித்த குச்சி. இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, மெதுவாகத்தான் வருகிறது என்று கண் கணக்குப் போட்டுவிடும். பின்னணியில் மரம், கடை போர்டு, அரசியல் தட்டி எல்லாம் சேர்ந்தால் குச்சியும் கரைந்துவிடும். விளக்கு எரிந்தால் அந்தக் குச்சிக்கு ஒரு கண் முளைக்கிறது. பகலில் விளக்கு எரிவது நான் சாலையைப் பார்க்க இல்லை. சாலை என்னைப் பார்க்க.

இதை மாமனாரிடம் எடுத்துச் சொல்லியும் பலனில்லை. அந்த ஆடி மாதம் கோயில் கொடைக்குக் கிள்ளானிலிருந்து வந்த அத்தை மகன்தான் எனக்குச் சாட்சியாக வாய்த்தார். என் பின்னால் உட்கார்ந்து ஜங்ஷன் வரை வந்தவர், "ஏன் மச்சான், உனக்கு ஊர்ல இவ்வளவு செல்வாக்கா? எல்லாரும் கையக் காட்டுறாங்க" என்றார். காரணம் சொன்னதும் சிரித்தார். மலேசியாவில் 1992-லேயே மோட்டார் சைக்கிளுக்குப் பகல் விளக்கு சட்டமாகிவிட்டது. "எங்க ஊர்ல மோட்டார்ல லைட்டு போடலைன்னாதான் சமன், அபராதம்" என்றார். சிரம்பானிலும் ஷா ஆலமிலும் அப்போது ஆராய்ந்து பார்த்ததில், கண்ணில் படாததால் நேர்கிற மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்ததாக நான் படித்ததையும் சேர்த்துக்கொண்டேன். மாமனார் இரண்டையும் கேட்டுவிட்டு, "அங்க கரண்டு சீப்பா இருக்கும்" என்றார்.

இதில் ஒரு சங்கடத்தை மட்டும் விதி போட்டவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். நம்மூரில் பகலில் எரியும் ஹெட்லைட்டுக்கு ஏற்கெனவே பொருள் இருந்தது. எதிரே வருகிறவன் லைட் அடித்தால், "முன்னால செக்கிங் நிக்கு" என்று அர்த்தம். கொக்கிரகுளம் பக்கம் நான் வரும்போதெல்லாம் எதிரே வருகிறவர்கள் அவசர அவசரமாக பெட்ரோல் டேங்கில் கிடக்கிற ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தார்கள். மூன்று பேராக வந்தவர்களில் ஒருவன் ஓடும் வண்டியிலிருந்து குதித்து நடக்க ஆரம்பித்தான். கலெக்டர் ஆபீசைத் தாண்டி சுலோச்சனா முதலியார் பாலம் முடிகிறவரை ஒரு போலீஸ்காரர்கூட இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ. அந்த நாட்களில் திருநெல்வேலியில் ஹெல்மெட் போட்டவர்கள் கூடியிருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

இனி எனக்கே நேர்ந்த விபத்துக்கு வருகிறேன். ஐப்பசி மாதம், காலை பத்து மணி, நல்ல வெயில். வண்ணார்பேட்டையைத் தாண்டி நான் ஒழுங்காக இடது ஓரம் போய்க்கொண்டிருக்கிறேன். எதிர்ப்பக்கம் ஓர் ஆட்டோ யூ-டர்ன் அடிக்க நிற்கிறது. ஹர்ட் எழுதிய அதே காட்சி. ஆனால் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். விளக்கு வேலை செய்துவிட்டது! நின்றிருந்தால் கதை முடிந்தது. அவரோ நல்ல மனுஷர். ஆட்டோவை ஊர்ந்து திருப்பிக்கொண்டே, ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து, என் முகத்துக்கு நேரே விரலைக் குவித்து விரித்தார். ஒற்றைக் கையில் ஆட்டோ தானாக என் பக்கம் சாய்ந்து வந்தது. நான் ஒடித்தேன். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் வண்டியோடு படுத்தேன்.

கூட்டம் கூடியது. சோடா வந்தது. முட்டியில் லேசான சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆட்டோக்காரரே ஓடிவந்து என்னைத் தூக்கி உட்காரவைத்து, சட்டையில் மணலைத் தட்டிவிட்டார். அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, நியாயமும் இருந்தது.

"நான் அப்பவே கையக் காட்டுனம்லா அண்ணாச்சி, லைட்டு எரியுதுன்னு."

பிறகு திரும்பி, விழுந்ததில் இன்ஜின் நின்றுபோய்க் கிடந்த வண்டியைப் பார்த்தார்.

"இப்ப அணைஞ்சிட்டு" என்றார், ஆறுதலாக.

ஒன்றிரண்டு வருஷத்தில் எல்லார் வண்டியிலும் விளக்கு எரிய ஆரம்பித்தது. கை காட்டுகிறவர்கள் இருபதானார்கள், பத்தானார்கள், கடைசியில் ஆலங்குளம் பக்கமிருந்து எப்போதாவது டவுணுக்கு வரும் பெரியவர்கள் மட்டும் என்றானது. எதிர்வீட்டு அண்ணாச்சியே பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்தார். முதல் நாள் காலையில் அவர் கட்டைவிரல் சுவிட்சைத் தேடித் தடவியதை வாசலில் நின்று முழுதாகப் பார்த்தேன். விளக்கே ஆளை மறைப்பதும் உண்டு. 1943-இல் அமெரிக்கக் கடற்படை விமானத்தின் முகப்பில் விளக்குகளை மாட்டி, வானத்தின் வெளிச்சத்தோடு அதைக் கலந்துவிடச் செய்து பார்த்ததாம். விமானம் வெகு அருகே வரும்வரை யார் கண்ணிலும் படவில்லையாம். நூறு விளக்குகளுக்கு நடுவே நூற்றியோராவது விளக்காகப் போகும்போது அந்த விமானியின் நினைவு எனக்கு வரும். யாரும் என்னைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது.

போன மாதம் சாயங்காலம், மழை மேகம் கவிந்து ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தட்டில் நெரிசல். எதிரே டி.வி.எஸ். ஐம்பதில், பின்னால் ஒரு கட்டுப் புல்லோடு வந்த பெரியவர் என்னைப் பார்த்தார். இடது கையை எடுத்தார். விரல்களைக் குவித்தார், விரித்தார். எத்தனை காலமாயிற்று! எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வண்டியை அவர் பக்கத்தில் ஒதுக்கி நிறுத்தி, பொறுமையாகச் சொன்னேன்: "இப்ப எல்லா வண்டியிலயும் அது எப்பவும் எரியும் பெரியவரே. கவர்மெண்டு ரூலு. அணைக்க முடியாது."

அவர் என்னையும் வண்டியின் முகப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எரியலைன்னுல்லா தம்பி சொல்லுதேன்."