தாடையில் நாலு முடி

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் ஆச்சி புறவாசலுக்குப் போய்க் குப்பைமேனி இலையைக் கை நிறையப் பறித்து வருவாள். கஸ்தூரி மஞ்சளோடு சேர்த்து அம்மியில் விழுதாக அரைத்து, என் மேலுதட்டிலும் தாடையிலும் கனமாகப் பூசிவிடுவாள். அது காய்கிற வரைக்கும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. காய்ந்ததும் முடி வளர்ந்திருக்கும் திசைக்கு எதிராகத் தேய்த்து உதிர்க்க வேண்டும். தோல் கன்றிப்போய், வெந்நீர் பட்டதும் திகுதிகுவென்று எரியும். எண்பதுகளின் பாளையங்கோட்டையில், வயசுக்கு வந்த பெண்ணுக்கு முகத்தில் முடி தெரிந்தால் வைத்தியம் இதுதான். அப்பாவின் டோபாஸ் பிளேடும் சோப்புப் பிரஷும் படிகாரக் கட்டியும் கண்ணாடிக்குக் கீழே, கை எட்டுகிற தூரத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் பார்த்தாலே ஆச்சிக்குக் குரல் உயர்ந்துவிடும்: "ஏட்டி, பிளேடு மட்டும் பட்டுரக் கூடாது. ஆம்பளைத் தாடி கணக்கா கட்டையால்ல முளைக்கும்!"

ஆச்சி பாசத்தோடுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு நம் ஊர்ப் பெண்களை எத்தனை காலம் எரிச்சலிலும் புண்ணிலும் வைத்திருந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928-லேயே நாலு ஆண்களை ஒரே மாதிரி சோப்பு, ஒரே மாதிரி ரேசர் கொண்டு சவரம் செய்யவைத்து, விழுந்த முடியை அளந்து பார்த்துவிட்டார். சவரத்தால் முடி தடிக்கவும் இல்லை, வேகமாக வளரவும் இல்லை. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது; மேலே ஓடும் கத்திக்கு அங்கே வேலையே கிடையாது. தானாக வளர்ந்த முடியின் நுனி ஊசிபோல் மெலிந்திருக்கும். வெட்டிய முடிக்கு அந்த நுனி போய்விடுவதால் திரும்ப எட்டிப் பார்க்கும்போது விரலில் சொரசொரக்கும். அவ்வளவுதான்.

கல்லூரி விடுதியில் ஆன் ஃபிரெஞ்ச் என்ற முடி நீக்கும் கிரீம் வந்து சேர்ந்தது. பூசினவள் குளியலறையை விட்டு வந்த பிறகும் அந்த நெடி வராந்தாவில் நிற்கும். பிளீச் போட்டுக்கொண்டவர்களுக்கு மாநிறத் தோலில் முடி பொன்னிறமாக மின்னி, இருந்ததைவிட நன்றாகத் தெரிந்தது. பிறகு பார்லர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி அந்தப் பெண் குனிவாள்; நாம் நாக்கை மேலுதட்டுக்கு உள்ளே கொடுத்து முட்டித் தோலை விறைப்பாக்க வேண்டும். கண்ணில் தாரை தாரையாக நீர் வழியும். மறுநாள் அதே இடத்தில் பருப்பருவாகக் கிளம்பும், சிலருக்குக் கரும்புள்ளியாகவே தங்கிவிடும். பெண் பார்க்க வருகிற நாள் குறித்தாயிற்று என்றால் அதற்கு நாலைந்து நாள் முந்தியே பார்லருக்குப் போய்விட வேண்டும் என்பது எழுதப்படாத கணக்கு.

இத்தனையும் நடந்த வருஷங்களில், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. மாதவிடாய்க் கோளாறு, சினைப்பையில் நீர்க்கட்டிகள், முகத்தில் முரட்டு முடி ஆகிய மூன்றையும் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைனும் லெவென்தாலும் 1935-இல் ஒன்றாக இணைத்து எழுதிவிட்டார்கள். இன்று பிசிஓஎஸ் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிற கோளாறு அது. எங்கள் தெருவில் அதற்கு இருந்த மருந்து குப்பைமேனி மட்டும்.

போன மே மாதம் அக்கா மகள் கூப்பிட்டாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. "சித்தி, மூஞ்சிக்கு ஷேவர் வாங்கணும். ஆன்லைன்ல நூறு மாடல் இருக்கு, தலை சுத்துது. நீங்க கூட வாங்க" என்றாள். அவள் அப்பா அதே அறையில் பேப்பரைப் புரட்டுகிற சத்தமும் எனக்குக் கேட்டது. அவர் முன்னாலேயே அவள் கேட்டதில் எனக்கு அப்படியொரு நிறைவு. டாக்டரிடம் ஏற்கெனவே போய், ஹார்மோன், தைராய்டு எல்லாம் பார்த்து மாத்திரையும் தொடங்கியாயிற்று. மாத்திரை முடியில் வேலை காட்ட ஆறு மாதமாவது பிடிக்கும். அது வரைக்கும் ஷேவ் செய்துகொள்வதில் ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மாதவிடாய் தள்ளிப்போவதோடு தாடையில் கறுத்த முடியும் வந்தால் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

கடையில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கியிருப்பார்கள். அங்கேதான் குழப்பமே. எபிலேட்டர் என்பது ஷேவர் இல்லை. அது வேரோடு பிடுங்கும், சுருள்முடி என்றால் திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே மடங்கிக் கட்டியாகும். ஐபிஎல் என்று ஒளி பாய்ச்சுகிற கருவியும் பக்கத்திலேயே இருக்கும். அந்த ஒளி கறுப்பு நிறமியைத் தேடிப்போய்ச் சுடுவது. முடியும் கறுப்பு, தோலும் கறுப்பு என்றால் சூடு தோலிலும் இறங்கிவிடும். பெட்டியின் மேல் தோல் நிறங்களை வரிசையாகப் போட்டு, கடைசி நிறங்களுக்கு எதிரே பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். நம்மில் பலருடைய நிறம் அந்தக் குறிக்கு நேரேதான் வரும். லேசர்தான் வேண்டும் என்றால் தோல் மருத்துவரிடம் போய், கறுத்த தோலுக்கு ஏற்ற 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

ஷேவரில் மூன்று ஜாதி. லிப்ஸ்டிக் டப்பா மாதிரி, உச்சியில் துளை போட்ட வட்டத் தகடும் அதற்கு அடியில் சுழலும் கத்தியுமாக இருப்பது ஒன்று. பூனைமுடிக்கு அது போதும். ஆனால் தாடைக்குக் கீழே நீளமாகச் சுருண்டு கிடக்கும் முரட்டு முடி அந்தத் துளைக்குள் நுழையாது. அழுத்தினால் தோல்தான் சிவக்கும். பேனா மாதிரி, பல்வரிசைக் கத்தியோடு வருகிற டிரிம்மர் எத்தனை நீள முடியையும் வெட்டும், ஆனால் துளி முளையை விட்டுவிடும். மெல்லிய சல்லடைத் தகடும் உள்ளே அதிரும் கத்தியும் உள்ள சின்ன ஃபாயில் ஷேவர் அந்த முளையை மழமழவென்று எடுத்துவிடும். அக்கா மகளுக்குக் கன்னத்தில் ஒன்றும் இல்லை. தாடையிலும் கழுத்திலும்தான் முரட்டு முடி. ஆக அவளுக்கு வேண்டியது டிரிம்மரும் ஃபாயிலும் மாற்றிப் போடக்கூடிய ஒன்று. விளக்கு வைத்தது நல்லது, கல்லூரிக்குப் போனதும் விடுதி வெளிச்சத்தில் உதவும். நிறமும் மினுமினுப்பும் எதற்கும் உதவாது.

முகத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, கிரீம் எதுவும் போடாமல், இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கருவியைச் சும்மா படியவிட்டால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். முடித்ததும் கருவியின் தலையைக் கழற்றிப் பிரஷால் தட்டிவிட வேண்டும். அறைத்தோழி கேட்டால்கூடக் கடன் தரக் கூடாது.

எடுத்தே தீர வேண்டும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. 2024-இல் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில முதலிடம் வாங்கிய மாணவியின் படம் வெளிவந்தபோது, மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவள் மீசையைப் பேசினார்கள். சவரப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று அதையே விளம்பரமாக்கி வசவு வாங்கிக்கொண்டது. பிசிஓஎஸ்ஸால் வந்த தாடியை அப்படியே வளர்த்துக்கொண்டு கின்னஸில் இடம் பிடித்த ஹர்னாம் கவுரும் இருக்கிறார். இதையெல்லாம் அக்கா மகளும் அறிந்துதான் இருக்கிறாள். மேலுதட்டை விட்டுவிடப் போகிறாளாம். "அது என் மூஞ்சிதான் சித்தி. தாடையில குத்துறதுதான் எனக்குப் பிடிக்கல" என்றாள்.

கடையில் அவளே கேட்டாள்: "அண்ணா, இதுக்கு மாத்துற தகடு தனியா கிடைக்குமா?" தகடு தேய்ந்தால் முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். அந்த இடத்தில்தான் பெண்கள் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி நூலுக்குப் போகிறார்கள். "லேடீஸ் மாடலுக்கு வராதும்மா, புதுசாவே வாங்கிக்கலாம்" என்றார் கடைக்காரர். ஆண்கள் ஷேவருக்கு மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் மாற்றுத் தகடுகள் கொக்கியில் வரிசையாகத் தொங்கின. நாங்கள் நகரவில்லை. அக்கா மகள் அந்த மாடல் எண்ணைப் போனில் எடுத்துக் காட்டி, கம்பெனி தனியாக விற்கிறதே என்றாள். அவர் வாங்கிப் பார்த்தார், கணினியில் தட்டினார், பிறகு ஆர்டர் நோட்டை எடுத்து அவள் பெயரையும் இரண்டு தகடு என்றும் எழுதிக்கொண்டார்.