செல்போனில் ஒட்டடை

பபுள் ஷூட்டர் ஆடுகிறவரைப் பார்த்து, 'வெட்டியாக விளையாடிக்கொண்டிருக்கிறார்' என்று வீட்டில் சொல்கிறார்கள். இதில் 'வெட்டியாக' என்பதை ஒப்புக்கொள்ளலாம். 'விளையாடி' என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. திரையின் உச்சியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகக் குமிழிகள் அப்பிக் கிடக்கின்றன. ஆடுகிறவர் கீழே இருந்துகொண்டு ஒவ்வொரு பந்தாக மேலே அடிக்கிறார். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் அந்த இடம் சுத்தமாகிறது. எல்லாம் உதிர்ந்து கூரை வெறுமையானால் வேலை முடிந்தது, அடுத்த கூரைக்குப் போகலாம். கீழே நின்று மேலே ஒட்டியிருப்பதைத் தட்டி உதிர்க்கிற காரியத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. ஒட்டடை அடிப்பது. போகிக்கு முந்தின வாரம் ஒட்டடைக்குச்சியைக் கண்டதும் மொட்டைமாடிக்கு நழுவுகிற ஆசாமி, அங்கே தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அடிப்பதும் ஒட்டடைதான் என்பது என் கட்சி.

சந்தேகமிருப்பவர்கள் பூர்வீகத்தைப் பார்க்கலாம். ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1986-இல் 'பபுள் பாபுள்' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. பப், பாப் என்ற இரண்டு குட்டி டிராகன்கள் அதில் வாயால் குமிழி ஊதி எதிரிகளை அடைத்து உடைக்கும். ஓட்டம், துரத்தல், பகை எல்லாம் உண்டு. அது விளையாட்டு. எட்டு வருடம் கழித்து, 1994-இல், அதே டிராகன்களைக் கொண்டு வந்து 'பசில் பாபுள்' என்ற பெயரில் ஒரு பீரங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே பார்த்து வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். எதிரி இல்லை. யாரும் திருப்பிச் சுடுவதில்லை. 'ஷூட்டர்' என்ற பெயரே பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வீறாப்பு. ஆபத்து என்று ஒன்று உண்டென்றால், குறிப்பிட்ட தடவை சுட்டதும் கூரை ஒரு படி கீழே இறங்கும். நம் ஊர் வீட்டுக்காரர்கள்கூட வாடகையை ஏற்றுவார்களே தவிரக் கூரையை இறக்க மாட்டார்கள். அந்தக் கூரைதான் அங்கிருந்து கணினிக்கும், 2011-இல் கிங் நிறுவனத்தின் 'பபுள் விட்ச் சாகா' மூலம் ஃபேஸ்புக்குக்கும், அடுத்து நம் உள்ளங்கைக்கும் இறங்கி வந்தது.

இந்த வேலையின் ருசி எங்கே இருக்கிறது என்றால், உடைப்பதில் இல்லை, உதிர்வதில் இருக்கிறது. தேன்கூட்டு அடுக்கில் நடுவில் இருக்கும் ஒவ்வொரு குமிழியையும் ஆறு குமிழிகள் தொட்டுக்கொண்டிருக்கும். கூரையோடு ஏதாவது ஒரு வழியில் தொடர்பு இருக்கிற வரைக்கும்தான் ஒரு குமிழிக்கு வாழ்வு. மேலே இரண்டு நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இருபது பேர் தொங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துச் சந்தில் ஒரு நீலப் பந்தை நுழைத்தால் மேலே உள்ளவர்கள் போவதோடு, தொங்கிய இருபது பேரும் நிறம் பார்க்காமல் பொலபொலவென்று கொட்டுவார்கள். (நம் அரசியலைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை.) நிஜ ஒட்டடையும் இப்படித்தான், ஒரு முனையைப் பிடித்தால் முழுவதும் வரும். வந்து தலையில் விழும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். செல்போனில் அடித்தால் தலைக்குத் துண்டு கட்ட வேண்டாம், கண்ணில் தூசி விழாது, பல்லி பாயாது. கழுத்துவலி மட்டும் இரண்டுக்கும் பொது. அங்கே அண்ணாந்து வருகிறது, இங்கே குனிந்து.

'மூளைக்கு வேலை கொடுக்கிற விளையாட்டைப் போய் ஒட்டடையோடு சேர்க்கலாமா?' என்று கேட்பார்கள். கேரம் போர்டைச் சாட்சிக்கு அழைப்பார்கள். பக்கச் சுவரில் பட்ட பந்து, பட்ட கோணத்திலேயே திரும்புகிறது. ரீபவுண்டில் காயை எடுப்பதும் இதே கணக்குதானே? அதே கணக்குதான். ஆனால் உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்ற சென்னை மரிய இருதயத்துக்கு, ஸ்ட்ரைக்கர் எங்கே போய் முட்டும் என்று போர்டில் யாரும் புள்ளிக்கோடு போட்டுக் காட்டவில்லை. செல்போனில் கட்டை விரலை வைத்த மாத்திரத்தில் கோடு புறப்பட்டு, சுவரில் மடங்கி, சேர வேண்டிய இடம் வரை போய் நின்றுகொள்கிறது. தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளரே விடையைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. அப்படியும் விரலைத் திரையிலிருந்து எடுக்கும் கணத்தில் அது ஒரு மயிரிழை நகர்கிறது, கோடு இரண்டு கட்டம் தள்ளிப் போகிறது, மஞ்சளோடு சேர வேண்டிய மஞ்சள் பச்சைக்கு நடுவில் போய் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. மூளைக்கு அங்கே வேலையே வரவில்லை, விரலே முடித்துவிட்டது.

இன்னும் படித்தவர்கள் 2015-ஐ எடுப்பார்கள். எரிக் டிமெய்ன், ஸ்டெஃபான் லாங்கர்மன் என்ற இரண்டு கணினி அறிஞர்கள், பசில் பாபுள் 'என்பி-முழுமை' வகையைச் சேர்ந்த கடினமான சிக்கல் என்று நிரூபித்தார்கள். வரப்போகும் பந்துகளின் வரிசை முழுவதும் முன்கூட்டியே தெரிந்திருந்து, மூன்றே நிறங்கள் இருந்தாலும்கூட, எல்லாவற்றையும் காலி செய்ய முடியுமா என்று கண்டுபிடிப்பதற்கு எல்லாச் சமயத்திலும் உதவுகிற விரைவான வழி இதுவரை யாரிடமும் இல்லை. மறுக்கவில்லை. ஆனால் சாமான்களை மிகக் குறைந்த பெட்டிகளில் அடுக்குவது எப்படி என்ற கேள்வியும் இதே கடினக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வீடு மாற்றும்போது பாத்திரங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்குகிறவர்களை யாரும் மூளைக்காரர்கள் என்று கொண்டாடுவதில்லை, 'இன்னுமா முடியவில்லை?' என்றுதான் கேட்கிறோம். ஆக, அந்த நிரூபணம் என் கட்சிக்குத்தான் வலு. கணக்குப்படி மிகக் கடினம், ஆனாலும் அதை யாரும் மதிப்பதில்லை என்பதே வீட்டுவேலையின் இலக்கணம்.

வலுவான ஆட்சேபம் வேறு ஒன்று. இது வீட்டுவேலை என்றால் வீட்டுவேலையிலிருந்து ஓடுகிறவர்கள் இதை ஏன் தேடிப் போகிறார்கள்? பாராட்டுக்காக. வீட்டில் நான்கு அறைக்கும் ஒட்டடை அடித்து இறங்கினால், 'அந்த மூலையை விட்டுட்டீங்களே' என்ற ஒரு வாக்கியம்தான் கூலி. செல்போனில் ஆறு குமிழி உதிர்ந்தாலே எழுத்துகள் துள்ளிக் குதித்து மெச்சுகின்றன, வாண வேடிக்கை நடக்கிறது. அதுவும் ஒவ்வொரு அடிக்கும் கிடையாது, எப்போது கிடைக்கும் என்றும் தெரியாது. பரிசு எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்று தெரியாதபோதுதான் பறவை விடாமல் கொத்துகிறது என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். புறா அலகால் கொத்தியது, நாம் விரலால் கொத்துகிறோம். புறாவுக்குத் தானியமாவது கிடைத்தது.

'கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான், பாவம் ஜனங்கள்' என்று பரிவோடு வருகிறவர்களும் உண்டு. பாதி சரி. இன்னும் இரண்டே குமிழி பாக்கி என்கிற இடத்தில் பந்து தீர்ந்துபோவது அடிக்கடி நடக்கிறது. உடனே ஒரு பலகை வந்து நிற்கும்: இன்னும் ஐந்து பந்து வேண்டுமா, இத்தனை காசு. இல்லாவிட்டால் ஒரு விளம்பரம் பார்க்கலாம். அந்த விளம்பரத்தை மூடுகிற பெருக்கல் குறி, கடுகை விடச் சிறியதாக ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். ஆனால் ஏமாற்று என்றால் ஏமாறுகிறவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோருக்கும் தெரியும். வேலை பார்க்கிறவரே முதலாளிக்குச் சம்பளம் கொடுக்கிற உலகத்தின் ஒரே வீடு இது. நிர்வாகம் நன்றாகவே நடக்கிறது: 2016-இல் கிங் நிறுவனத்தை ஆக்டிவிஷன் ப்ளிசார்ட் வாங்கிய விலை சுமார் 590 கோடி டாலர். அதில் பெரும் பங்கு கிங்கின் இன்னொரு விளையாட்டான கேண்டி க்ரஷுக்காகத்தான், இருந்தாலும் ஒட்டடைக்கும் ஏதோ விழுந்திருக்கும்.

களைத்து வந்த மனுஷர் கொஞ்ச நேரம் ஆறுதலாக அடிக்கட்டுமே என்று கடைசியாக ஒரு கருணை மனு வரும். ரேஷன் கடை வரிசையிலும், டோக்கன் எழுபதுக்காகக் காத்திருக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் தாராளமாக அடிக்கட்டும். அங்கெல்லாம் குச்சியைக் கொண்டுபோக முடியாது, கூரையும் நம்முடையது அல்ல. வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். கிங்கின் சாகா விளையாட்டுகளில் ஐந்து உயிர்கள் கொடுக்கிறார்கள். ஐந்தும் போய்விட்டால் அடுத்த உயிர் வர முப்பது நிமிஷம் ஆகும். ஒரு அறைக்கு அது தாராளம். குச்சி கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.