கேரவன் சார்

குரோம்பேட்டையில் தெருவுக்கு ஒரு பிள்ளையார் கோயில், ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு கேரவன் சார் உண்டு. முதல் இரண்டும் கண்ணில் படும். மூன்றாமவரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பேச்சுக் கொடுக்க வேண்டும். "எப்படி சார் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் "ஏதோ ஓடுது" என்பார்கள். இவர் மட்டும் "இன்னும் ஓடலை. ஓடிடும்" என்பார்.

வயது ஐம்பதுக்கு மேல். விருப்ப ஓய்வு வாங்கியவர், அல்லது வாங்கப்போவதாக வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர். ராதா நகரிலோ நியூ காலனியிலோ ஒரு பிளாட். வங்கிக் கடன் முடிந்து பத்திரம் கைக்கு வந்த மாதம்தான் இந்த வியாதி ஆரம்பிக்கிறது. இருபது வருடம் தவணை கட்டிய மனிதருக்கு வீடு சொந்தமானதும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் போய்விடுகிறது. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபைத் திறக்கிறார். அங்கே ஓர் அமெரிக்கக் குடும்பம் வீடு வாசலை விற்றுவிட்டு, அப்பா, அம்மா, பிள்ளைகள், நாய் சகிதம் ஒரு நீள வண்டியிலேயே குடியிருக்கிறது. காலையில் ஒரு மலை, சாயங்காலம் ஓர் ஏரி. கட்டிலை மடக்கினால் மேஜை, மேஜையைத் தூக்கினால் அடுப்பு. அன்றிலிருந்து வீட்டில் மடங்காத சாமான் எதைப் பார்த்தாலும் சாருக்கு எரிச்சல். அவருடைய அம்மாவின் தேக்கு ஊஞ்சலையும் சேர்த்துத்தான்.

ஹஸ்தினாபுரத்துக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டால் தலையைச் சொறிவார். அமெரிக்காவில் சவுத் டகோட்டா மாநிலத்தில் ஒரே ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டினால் வண்டிவாசிகளுக்கு நிரந்தர முகவரி கிடைத்துவிடும் என்பது தலைகீழாகத் தெரியும். டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் இவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருந்துகொண்டு, வரும் தபால்களை வாங்கி, வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே அனுப்பிவைக்கிறது என்பதும் தெரியும். இதையெல்லாம் மனைவியிடம் சொல்கிறார். அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறார்:

"ஏங்க, அப்போ நம்ம கேஸ் புக்கை எந்த ஊருக்கு மாத்தறது?"

"சின்னப் புத்தி உனக்கு. 1959-லயே வாலி பையம்னு ஒருத்தர் நாற்பத்தோரு அலுமினியக் கூண்டு வண்டிங்களைக் கூட்டிக்கிட்டு கேப் டவுன்லேர்ந்து கெய்ரோ வரைக்கும் போயிருக்கார், தெரியுமா?"

"அவர் சம்சாரம் என்ன சொன்னாங்க?"

"நீ பேச்சை மாத்தற."

"ராத்திரியில பொம்பளைங்க எங்க போறதுன்னு கேட்டா மட்டும் நீங்க பேச்சை மாத்தறீங்களே."

"வண்டிக்குள்ளயே டாய்லெட் இருக்கும்மா."

"அதை எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

"அமெரிக்காவுல அதுக்குன்னே டம்ப் ஸ்டேஷன் வச்சிருக்கான்."

"அமெரிக்கா பரனூர் டோலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

குடும்பத்தோடு முழுநேரமும் வண்டியில் வாழ்வது பற்றி என் காதில் விழுந்த கேள்விகளில் இதைவிடக் கறாரானது இல்லை. நம் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி இருக்கிறது, பெட்ரோல் பங்க் இருக்கிறது, கும்பகோணம் டிகிரி காபிக் கடை மைலுக்கு நாலு இருக்கிறது. வண்டி வீட்டின் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒரு குழாய்வாய் எங்கே இருக்கிறது? கேரளத்தில் 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு கொள்கையே அறிவித்து, அடுத்த வருடம் வாகமண்ணில் பூங்கா திறந்தார்கள் என்பார் சார். சரிதான். ஆனால் வாழ்நாள் முழுக்க வாகமண்ணிலேயே நிற்பதென்றால் அதற்குச் சக்கரம் எதற்கு?

சாருக்குப் புரியாத ஒன்று உண்டு. வண்டி வாழ்க்கை என்று அமெரிக்கர் எதைச் சொல்கிறாரோ, அதைத்தான் நம் தென் புறநகர் காலங்காலமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. அவர் வண்டியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. நம் வீட்டில் லாரித் தண்ணீருக்கு சம்ப், குடிக்க இருபது லிட்டர் கேன். அவருக்கு புரொப்பேன் உருளை. நமக்கு கேஸ் சிலிண்டர், அதிலும் ஸ்பேர் எப்போது வரும் என்ற கவலையோடு. அவருக்கு பேட்டரி, நமக்கு மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர். அவர் கழிவை அளந்து அளந்து வெளியேற்றுகிறார். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் நாமும் செப்டிக் டேங்க் லாரிக்குப் போன் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததே, அந்த நாட்களில் அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் அலம்பி, அதைச் செடிக்கு ஊற்றிக் குடும்பம் நடத்தியவர் சாரின் மனைவி. கேரவன் ஓட்ட இந்தத் தெருவில் உண்மையான தகுதி உள்ள ஒரே ஆள் அவர்தான். அவருக்குத்தான் ஆசை இல்லை.

இருந்தும் ஒரு நாள் வண்டி வந்துவிட்டது. மகிந்திரா சிட்டிக்கு ஆள் ஏற்றி ஓய்ந்த ஒரு டெம்போ டிராவலர். கிண்டி ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2022-ல் மகிந்திராவோடு சேர்ந்து பொலேரோவில் கேரவன் செய்யப்போவதாக அறிவித்ததைத் தனக்கு வந்த தந்தி என்றே எடுத்துக்கொண்டு, சார் முந்திக்கொண்டுவிட்டார். ஆசாரி வந்து அளவெடுத்தார். பிளைவுட் வந்தது. சீட்டைக் கழற்றுகிற நேரத்தில் ஆர்.டி.ஓ. வேலை பார்க்கும் புரோக்கர் ஒருவர் டீ குடிக்க வந்தார். வண்டியைத் தயாரித்தவன் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, கேரவன் என்றால் அதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனி விதிமுறை, தனிப் பதிவு என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டு, டீக்கு நன்றி சொல்லிப் போனார். ஆசாரி அந்த பிளைவுட்டில் பூஜை அலமாரி செய்து கொடுத்தார். நல்ல அலமாரி. சாருக்கு ஒரே ஓர் ஆறுதல், 2024 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்குட்பட்ட வண்டியென்றால் கார் லைசென்ஸ் இருந்தாலே வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. "என்னை மனசுல வச்சுத்தான்" என்றார்.

வண்டி இப்போது வேப்ப மரத்தடியில் நிற்கிறது. அதன் நிழலில் தெருநாய்கள் படுக்கின்றன. கூரையில் பக்கத்து வீட்டு வடாம் காய்கிறது. உள்ளே சாரின் மகள் பிளஸ் ஒன் பாடம் படிக்கிறாள். வீட்டில் டிவி சத்தம். பள்ளிக்கூடமே வேண்டாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிக்கொள்ளலாம், ரோடுதான் இனி உனக்கு வாத்தியார் என்று அப்பா சொன்னதற்கு அவள் சொன்ன பதில்: "ரோடு ஃபிசிக்ஸ் எடுக்குமாப்பா?"

"எப்ப சார் கிளப்பறீங்க?" என்று யாராவது கிண்டலாகக் கேட்டால் சார் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், எம்.ஐ.டி. கல்லூரி இருக்கும் திசையில் கையைக் காட்டுவார். "அங்க ரெண்டு பழைய பிளேன் சும்மா நின்னுக்கிட்டிருந்தது. பறக்கலை. அதைப் பார்த்துத்தான் அப்துல் கலாம் ஏரோநாட்டிக்ஸ் எடுத்தாரு. நிக்கிற வண்டியைக் கேவலமா நினைக்காதீங்க." கலாம் தம் சுயசரிதையில் எழுதிய விஷயம்தான், மறுக்க முடியாது. குரோம்பேட்டையில் யாருக்கு எந்தச் சங்கடம் வந்தாலும் எம்.ஐ.டி. காப்பாற்றிவிடும்.

ஒரு முறை கிளம்பினார்கள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். திட்டம் என்னவென்றால் திட்டமே இல்லை: மனம் போன போக்கில் போவது, பிடித்த இடத்தில் நிறுத்துவது. சாரின் அம்மா கேட்டார், "மனசு திருநள்ளாறு பக்கம் போகுமாடா?" சுதந்திரப் பயணம் அந்த நிமிடமே நவக்கிரகச் சுற்றுலா ஆகிவிட்டது. சனிக்கிழமை திருநள்ளாறு, வெள்ளிக்கிழமை கஞ்சனூர், வியாழக்கிழமை ஆலங்குடி என்று கிழமைகளே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டன. கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறந்த பிறகும் விடிவதற்குள் பெருங்களத்தூரைத் தாண்டாவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் போகவில்லை. நாலு மணிக்குக் கிளம்ப முடிவு செய்து, ஆறரைக்குக் கிளம்பி, மாட்டிக்கொண்டார்கள். மதுராந்தகம் ஏரிக்கரையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மத்தியானம் புளியோதரை. ராத்திரி தயிர்சாதம். அமெரிக்க வண்டியில் மூன்று பர்னர் அடுப்பு இருக்கிறதாம். நம்மவர்களுக்கு நாலு எவர்சில்வர் தூக்கு போதும்.

திருநாகேஸ்வரத்தில் டீக்கடை ஓரம் வண்டி நின்றது. கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டில் மடக்குக் கூடாரம். பத்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஷூட்டிங் வண்டி. உள்ளே ஹீரோவோ ஹீரோயினோ இருந்தே ஆக வேண்டும். "யார் சார் உள்ள?" என்று ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான். "என் அம்மா" என்றார் சார். "அம்மா கேரக்டரா? யாரு பண்றாங்க?" கதவு திறந்து, பாட்டி காலில் கிரேப் பேண்டேஜோடு இறங்கினார். கூட்டம் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. பயணம் முழுவதிலும் பாட்டி மிகவும் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

ராத்திரிதான் கஷ்டம். என்ஜினை நிறுத்தினால் ஏ.சி. நின்றுவிடும். ஜன்னலைத் திறந்தால் காவேரிக் கரைக் கொசு. மூடினால் உள்ளே இட்லி மாதிரி வேக வேண்டியதுதான். முதல் ராத்திரியே பெண்களும் பாட்டியும் கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்து அறைக்குப் போய்விட்டார்கள். சார் மட்டும் கொள்கைப் பிடிப்போடு வண்டியில் படுத்தார். காலையில் பல் தேய்க்க மண்டபத்துக்கு வந்தார்.

வீடு திரும்பியதிலிருந்து பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆசை குறையவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வண்டி வந்த பிறகு எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிரசவமானாலும், எந்த வீட்டுப் பையன் ஊருக்குப் போவதானாலும், ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டினால் எழுந்து வந்து சாவியைத் திருப்புகிறவர் அவர் ஒருவர்தான். டீசல் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தால் கிண்டல் செய்யாதீர்கள். உங்களுக்கே அந்த ஆசை வந்துவிட்டதென்றால் வண்டியை வாங்கிவிடாதீர்கள். பதிவான கேரவனை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு இரண்டு ராத்திரி, அதுவும் மே மாதத்தில், உள்ளேயே தூங்கிப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் வீட்டம்மா என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.