லட்சியம் மூன்று, நிச்சயம் ஒன்று

தேர்தல் வாக்குறுதிகள் தேய்கின்றன என்பது வீண்பழி. கணக்கைப் பாருங்கள். 1967-ல் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. வென்றதும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டது. நிறைவேற்றம் 33 சதவீதம். 2021-ல் பெட்ரோல் விலையில் ஐந்து ரூபாய் குறைப்பு என்றது. மூன்று ரூபாய் குறைத்தது. 60 சதவீதம்! மாதாமாதம் மின்கணக்கு எடுக்கும் வாக்குறுதியை நான் சேர்க்கவில்லை, சராசரி கெட்டுவிடும்.

அ.தி.மு.க.வும் சளைத்ததல்ல. 2016-ல் படிப்படியாக மதுவிலக்கு என்றது. ஐந்நூறு கடையை மூடியது ஒரு படி, மறுவருடம் இன்னொரு ஐந்நூறு இரண்டாம் படி. அவசரப்பட்டு இறங்கினால் முழங்கால் என்னாவது?

தி.மு.க. கணக்கில் 33-லிருந்து 60, அதாவது 54 ஆண்டில் 27 புள்ளி முன்னேற்றம். இதே வேகத்தில் போனால் 2101-ல் நூறு சதவீதம். அதற்குள் விமான நிலையத்தோடு நின்ற சென்னை மெட்ரோ, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் தாண்டிக் கிளாம்பாக்கம் சேர்ந்துவிடும். அங்கே 2023 டிசம்பரில் பேருந்து நிலையத்தை முதலில் திறந்து, ரயில் நிலையத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதும் தொலைநோக்குதான். எல்லாம் ஒரே நாளில் கிடைத்தால் மக்களுக்குத் திகட்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் வாக்காளர்களும் தேறிவிட்டார்கள். வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டு வந்த கட்சிக்காரரிடம் ஒரு பெரியம்மா சொன்னார்: “அஞ்சு லட்சியம் தம்பி, மூணு நிச்சயம்.”

கட்சிக்காரர் சிரித்தபடி ஏழு என்று எழுதிக்கொண்டார்.