கடல் கடக்கும் ஆசிரியரின் தகுதிநிலை: ஒரு சிற்றாராய்ச்சி

ஆசிரியர் ஒருவர் கடல் கடந்தால் அவருடைய அறிவு உடன் செல்கிறது. குரல் உடன் செல்கிறது. கரும்பலகையில் நேர்கோடு போடும் பழக்கமும் உடன் செல்கிறது. ஆசிரியர் என்னும் நிலை மட்டும் கரையிலேயே நின்றுவிடுகிறது. மறுகரையில் அது புதிதாகப் பிறக்க வேண்டும். அப்பிறப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதற்கு எத்தனை தாள்கள் வேண்டும், அத்தாள்களில் ஒருவர் பெயர் எந்த வடிவில் நிற்க வேண்டும் என்பன முறைப்படி ஆராயத்தக்கவை. கடலூரும் சிதம்பரமும் இதற்கு ஏற்ற களங்கள். கடல் கடந்து வந்த ஆசிரியர்களை ஏற்ற பழக்கமும், கடல் கடந்து போக விரும்பும் ஆசிரியர்களை ஆண்டுதோறும் உருவாக்கும் வழக்கமும் இப்பகுதிக்கு ஒருங்கே உண்டு.

அதிகாரத்தின் எல்லை எதுவரை என்பது முதல் வினா. 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் விலையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். குண்டுகள் சுடப்பட்டன, அவை விழுந்த இடங்கள் எல்லையாயின, உள்ளே அகப்பட்ட ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. கோட்டை புனித டேவிட் கோட்டை ஆயிற்று. ஓர் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இவ்வளவு நேரடியாக அளந்து பார்த்த ஊர் அரிது. பட்டங்களுக்கு இத்தகைய அளவீடு செய்யப்படவில்லை. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பி.எட். பட்டம் பிச்சாவரம்வரை ஐயமின்றிச் செல்லும். அதற்கு அப்பால் கடல்.

வந்தவர்கள் எவ்வாறு ஏற்கப்பட்டனர் என்பதை முதலில் காண்பது முறை. சகரியா கீர்னாந்தர் 1740இல் கடலூருக்கு வந்தார். பிறப்பால் சுவீடன் நாட்டவர். பயின்றது ஜெர்மனியின் ஹாலே நகரில். ஊதியம் லண்டன் கிறித்தவச் சங்கத்தினுடையது. நான்கு நாடுகள் தொடர்புற்ற இந்நியமனத்தில் அனுப்பிய சங்கமே ஊதியமும் தந்தமையால் ஏற்பு, நியமனம், சம்பளம் மூன்றும் ஒரே கையெழுத்தில் முடிந்தன. 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை கடலூரைக் கைப்பற்றியதும் அவர் கல்கத்தா சென்று அங்கே பள்ளி தொடங்கினார்.

ஆறுமுக நாவலரின் வழி வேறு. யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த அவர் 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் சொற்பொழிவு ஆற்றினார். கேட்ட ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது அவர் நாவலராகவே அறியப்பட்டிருந்தார். இங்கே கவனிக்க வேண்டியது வரிசை: பேச்சு முன், கேட்டல் இடை, பட்டம் பின். பட்டம் தருவோர் பட்டம் பெறுவோரை நேரில் கேட்டனர். இவ்வரிசை பின்னாளில் தலைகீழாயிற்று. அது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

மூன்றாமவர் இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலானந்தர். இவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறியது 1916இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பேற்றது 1931இல். தேர்வில் தேறியபோது பெயர் மயில்வாகனம். 1922இல் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து பெற்ற பெயர் பிரபோத சைதன்யர். 1924இல் துறவு ஏற்றுப் பெற்ற பெயர் விபுலானந்தர். ஆகத் தேறியவர் ஒருவர், பயிற்சியில் இருந்தவர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், மூவரும் ஒருவரே. இன்றைய இணையப் படிவம் எதுவும் இவரை ஒரே ஆளாக ஏற்றுக்கொள்ளாது. 1931இல் ஏற்றுக்கொண்டார்கள், தமிழிசை ஆராய்ச்சிக்கு அவருடைய யாழ் நூல் கிடைத்தது.

இனிப் போகிறவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று இங்கிலாந்தின் கல்வித் துறை, வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கியூ.டி.எஸ். எனப்படும் ஆசிரியர் தகுதிநிலைக்கு விண்ணப்பிக்கும் வழியை மேலும் ஒன்பது இடங்களுக்குத் திறந்தது. அவற்றுள் இந்தியா ஒன்று. பட்டப்படிப்பு வேண்டும், ஆசிரியர் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப்பின் ஒரு பள்ளியாண்டேனும் கற்பித்த அனுபவம் வேண்டும், ஆங்கிலம் ஐரோப்பிய அளவுகோலில் பி2 நிலையில் இருக்க வேண்டும், தொழிலில் நன்னிலையில் உள்ளவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தகுதிநிலை வேறு, வேலை வேறு, விசா வேறு; முதலாவது கிடைத்தால் மற்றவை தாமே கிடைக்கும் என்று நம்புவோர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இன்றும் உளர், அவர்களிடம் பணம் வாங்கும் தரகர்களும் உளர். தகுதிநிலை இல்லாமலும் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் நான்கு ஆண்டுவரை பணியாற்றலாம் என்பதை அத்தரகர்கள் சொல்வதில்லை.

திறந்த வழியும் எல்லோருக்கும் திறக்கவில்லை. இந்தியாவில் பயின்றவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் ஆகிய பாடங்கள் மட்டும். அதுவும் 11 முதல் 16 வயதுள்ள மாணவர்களுக்குக் கற்பிக்கும் தகுதி. இவ்வயது வரம்பைத் தமிழ்நாட்டுப் பதவிகளின் மேல் வைத்துப் பார்த்தால் நுட்பமான விளைவுகள் தோன்றுகின்றன. ஒன்று முதல் ஐந்துவரை கற்பிக்கும் இடைநிலை ஆசிரியர் கீழே நின்றுவிடுகிறார். மேனிலை வகுப்புகளுக்குரிய முதுகலை ஆசிரியர் மேலே நின்றுவிடுகிறார். தமக்கு ஆறாம் வகுப்பும் எடுக்கத் தெரியும் என்று அவர் நிறுவ வேண்டியுள்ளது. ஆறு முதல் பத்துவரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியரே நடுவே பொருந்துகிறார். வரலாற்று ஆசிரியர் முற்றிலும் வெளியே. புனித டேவிட் கோட்டையின் வரலாறு பாதி இங்கிலாந்தின் வரலாறு. அதைக் கோட்டை மதிலருகே நின்று கற்பிக்கும் கடலூர்க்காரருக்கு இவ்வழி இல்லை. இது இங்கிலாந்து மாணவர்களுக்கு நேர்ந்த இழப்பு என்பதே என் முடிபு.

அடுத்தது தலைப்பெழுத்து. மிகுந்த இடம் பெறத்தக்கது இதுவே. தமிழ்நாட்டு ஆசிரியரின் விண்ணப்பம் முதலில் தடுக்குவது இவ்வோரெழுத்தில்தான். எடுத்துக்காட்டாகக் கோ. செல்வி என்னும் கணித ஆசிரியையின் தாள்களைக் கொள்க. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால், புள்ளியோடு நிற்கிறது. பட்டச் சான்றில் பின்னால், புள்ளியின்றி நிற்கிறது. கடவுச்சீட்டில் அது கோவிந்தசாமி என்று முழுமையாக விரிந்து குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் அமர்கிறது. திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதார் அட்டையில் கணவர் பெயருக்கு இடம் விட்டு மறைந்தேபோகிறது. முன்நிற்பது, பின்நிற்பது, விரிவது, மறைவது என இந்நான்குமே அடிப்படை நிலைகள். புள்ளி உண்டா இல்லையா என்பது ஒவ்வொன்றின் உட்பிரிவு.

இவற்றோடு எழுத்துக்கூட்டல் வேறுபாடும் சேர்கிறது. தமிழில் 'கோ' என்பது ஆங்கிலத்தில் 'ஜி' ஆகிறது. கோவிந்தசாமியின் சாமியை ஆங்கிலத்தில் 'ஸ்வாமி' ஒலிக்க எழுதுவோரும் 'சாமி' ஒலிக்க எழுதுவோரும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, பெயரைத் தமிழில் எழுதும்போது தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என ஆணையிட்டது. அது நல்ல ஆணை. ஆயினும் அதற்கு முன் அச்சான சான்றிதழ்கள் முன்போலவே உள்ளன.

வேற்றுமையைத் தீர்க்கும் வழிகள் இரண்டு. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதுவது ஒன்று. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவது மற்றொன்று. முன்னது விரைவானது, பின்னது உறுதியானது. இத்தனைக்கும் பிறகு அவர் இங்கிலாந்து வகுப்பறைக்குள் நுழைந்தால் மாணவர்கள் குடும்பப் பெயரால் அழைப்பதே அங்குள்ள மரபு. ஆகவே அவர் அங்கே மிஸ் கோவிந்தசாமி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருந்த தந்தையின் பெயர் அவ்வாறு ஒரு நாளைக்குப் பலமுறை இயற்கணித வகுப்பில் ஒலிக்கிறது. அது அவருக்குப் பெருமையே.

சான்றிதழ்களின் வகைகளும் வேறுபடுத்தி அறியத்தக்கவை. தற்காலிகச் சான்று பட்டம் பெறத் தகுதியுண்டு என்கிறது. பட்டச் சான்று பட்டம் பெற்றாயிற்று என்கிறது. உண்மைத்தன்மைச் சான்று மற்ற இரண்டும் பொய்யல்ல என்கிறது. மூன்றையும் தருவது ஒரே பல்கலைக்கழகம். தொலைநிலைக் கல்வி வழியே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: அப்பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 கல்வியாண்டுவரை மட்டுமே ஏற்பு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்தது. நம்பிப் பணம் கட்டிப் படித்தவர்கள் மேல் அதில் எக்குற்றமும் இல்லை.

வளைகுடாவுக்குச் செல்வோரின் தாள் வேறு பாதையில் செல்கிறது. ஹேக் உடன்படிக்கையின் அப்போஸ்டில் முத்திரை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2005 ஜூலை 14 அன்று. அதில் சேர்ந்த நாடுகளுக்கு அம்முத்திரை இருந்தால் தூதரக முத்திரை வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் சேராத நாடு. ஆகவே பட்டம் சென்னைத் தலைமைச் செயலகம், வெளியுறவுத் துறை, தூதரகம் என ஒவ்வொரு படியிலும் ஒரு முத்திரை பெற்றுப் பின்பக்கம் நிறைந்து பயணப்படுகிறது. தலைமைச் செயலகம் இருப்பது புனித ஜார்ஜ் கோட்டையில். புனித டேவிட் கோட்டையின் ஊரில் கற்பித்தவரை அங்கே சரிபார்ப்பது 18ஆம் நூற்றாண்டின் நிர்வாக ஒழுங்கோடு பெரிதும் இயைந்தது.

பணி அனுபவச் சான்றில் கையெழுத்துகளின் தரம் கருதப்படும். தலைமையாசிரியர் இடுவது ஒப்பம். அதன்மேல் கல்வி அலுவலர் இடுவது மேலொப்பம். நகலில் இடுவது சான்றொப்பம்; அது பச்சை மையில் அமைதல் மரபு. தனியார் பள்ளியில் பணிபுரிந்தவருக்கு மேலொப்பமே உயிர்நாடி. ஊதியப் பதிவேட்டில் பெயரில்லாமல் கற்பித்தவருக்கு அது கிடைப்பதில்லை. பணியில் சேரும்போதே மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு விலகும்போது தர மறுக்கும் பள்ளிகளும் உள்ளன. இது அநீதி. வேறு சொல் இதற்குப் பொருந்தாது.

நன்னூலின் பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கை உவமை கூறுகிறது. இவற்றுள் அரசு ஆய்ந்து முத்திரையிடுவது நிறைகோல் ஒன்றே. அதற்கென முத்திரை ஆய்வாளர் என்றொரு பதவியும் தொழிலாளர் துறையில் உண்டு. ஆசிரியருக்கு அவ்வாறு ஒருவர் இல்லை. கடலூர் இம்பீரியல் சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவெண் உண்டு. அவர் வழக்குக்காக அமர்த்தும் வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. அவர் கடையைக் கட்ட வரைபடம் தந்த கட்டடக் கலைஞருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. மூவருக்கும் எழுத்தறிவித்த ஆசிரியருக்கு இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது; அது பயிற்சிக் கல்லூரிகளையும் படிப்புகளையும் ஏற்கிறதே அன்றி, ஆசிரியர் ஒவ்வொருவரையும் பதிவு செய்வதில்லை. ஸ்காட்லாந்தில் ஆசிரியர்களைப் பதிவு செய்யும் மன்றம் 1965இலேயே சட்டமாயிற்று. ஆகவே தொழிலில் நன்னிலையில் உள்ளவர் என்று எழுதித் தருமாறு இங்கிலாந்து கேட்கும்போது, எழுதித் தரக் கடமைப்பட்ட ஒரே கை இந்தியாவில் எது என்னும் கேள்வி எழுகிறது. பள்ளி பல்கலைக்கழகத்தைக் காட்டும். பல்கலைக்கழகம் கல்வித் துறையைக் காட்டும். துறை பள்ளியைக் காட்டும்.

இவ்விடைவெளியை நிரப்பப் புதிய சட்டம் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களின் விவரம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அதைப் பார்த்து ஒரு பக்கக் கடிதம் தரலாம். ஆசிரியரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ள வடிவிலும் பட்டத்தில் உள்ள வடிவிலும் அடுத்தடுத்து எழுதப்பட வேண்டும். கற்பித்த பாடம், வகுப்பு, மாணவர் வயது, தொடங்கிய நாள், முடிந்த நாள், ஒழுங்கு நடவடிக்கை உண்டா இல்லையா என்பன போதும். அதிகாரியொருவர் வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார்ந்து கேட்டதாக ஒரு வரியும் சேர்ந்தால் திருவாவடுதுறையின் வரிசை மீளும். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் இக்கடிதம் சமமாகக் கிடைக்க வேண்டும். பெற வருவோர் அனைவரும் வேலைநாளில் வகுப்பு எடுப்பவர்கள். ஆதலால் அவர்கள் தற்செயல் விடுப்பை இழக்காதவாறு சனிக்கிழமை முற்பகலிலும் அது வழங்கப்பட வேண்டும்.