சென்னாக்குனிக்கு சல்யூட் வேண்டாம்

அன்புள்ள மச்சானுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டு ராத்திரியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். நம்ம பையன் சென்னாக்குனி வெலிங்டனில் ராணுவப் பயிற்சி முடித்து முதல் லீவில் வருகிறான். அவனுக்கு ஊரே சல்யூட் அடிப்பதா, இனிமேல் 'சார்' என்று கூப்பிடுவதா என்று நாட்டார் கூடிப் பேசி, முடிவு எட்டாமல் டீ குடித்துக் கலைந்தார்களாமே! இறால் ஏலத்தில்கூட நம்ம ஆட்கள் இவ்வளவு நேரம் இழுக்க மாட்டார்கள். "நீ சிங்கப்பூர்ல இருக்கியே, அங்க எப்படி?" என்று கேட்டிருந்தாய்.

இங்கே ராணுவத்தானுக்குத் தனியாக மரியாதை செய்வது ரொம்பக் கஷ்டம் மச்சான். எவனைப் பார்த்தாலும் ராணுவத்தான்! 1967-இல் போட்ட சட்டம். 18 வயசானால் பையன்கள் 2 வருஷம் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ தீயணைப்புக்கோ போயே தீர வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை, டாக்டர் பிள்ளை, டாக்சிக்காரர் பிள்ளை, எல்லாருக்கும் ஒரே மொட்டை. முடிந்து வந்தாலும் விட மாட்டார்கள். 40 வயசு வரைக்கும், ஆபீசராக இருந்தால் 50 வரைக்கும், அவ்வப்போது கூப்பிடுவார்கள்.

இதனால் நான் வேலை பார்க்கிற யார்டில் நடக்கிற கூத்தைக் கேள். ஸ்டோர் கீப்பர் வருஷம் பூராவும் எங்கள் என்ஜினீயருக்கு "பாஸ், பாஸ்" என்று டீ வாங்கிக் கொடுப்பார். முகாமுக்குக் கடிதம் வந்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவார்கள். அங்கே ஸ்டோர் கீப்பர் சார்ஜெண்ட், என்ஜினீயர் வெறும் கார்ப்பரல். திரும்பி வந்த திங்கட்கிழமை யார் யாரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் "ஹலோ, ஹலோ" என்றே ஓட்டுவார்கள். நாங்கள் வெல்டிங் கண்ணாடிக்குள்ளே சிரித்துக்கொள்வோம்.

பட்டாளத்துக்குள்ளே முறை இருக்கிறது. ஆபீசர் என்றால் 'சார்'. கீழிருந்து படிப்படியாக மேலே வந்த வாரண்ட் ஆபீசரை மட்டும் 'என்சிக்' என்பார்கள். மலாயில் ஐயா என்கிற மாதிரி. ஆபீசர் பையனே அவர் எதிரில் அடக்கி வாசிப்பான். நம் ராணுவத்திலும் சுபேதாரை ஆபீசர்கள் 'சாகிப்' என்று சேர்த்துத்தான் அழைப்பார்கள். அனுபவஸ்தன் மதிப்பு எந்த ஊர்ப் பட்டாளத்துக்கும் தெரியும்போல.

முகாமை விட்டு வெளியே வந்தால் இந்த மரியாதை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயிலில் பச்சைக் கட்டம் போட்ட சீருடையோடு பையன்கள் முகாமுக்குத் திரும்புவார்கள். அன்றைக்கு ஒருத்தன் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தான். பக்கத்தில் முதியவர்களுக்கான சீட் காலி. உட்கார்ந்தால் எவனாவது போட்டோ எடுத்துப் போட்டு, "சோல்ஜருக்கு வெட்கமில்லையா" என்று எழுதிவிடுவான் என்று பயம். ஒரு சீனப் பாட்டி சைகை காட்டினாள், அவன் அசையவில்லை. பாட்டி எழுந்து அவன் பையைப் பிடித்து இழுத்து, சீன மொழியில் ஏதோ திட்டி உட்கார வைத்தாள். சொந்தப் பேரன்கூட இல்லை. அடுத்த ஸ்டேஷனில் அவள் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

போட்டோ பயம் சும்மா வந்ததில்லை. 2011-இல் ஒரு படம் இந்த ஊரையே கலக்கியது. சீருடைப் பையன் கைவீசி முன்னால் நடக்கிறான், வீட்டுப் பணிப்பெண் அவன் மூட்டையைத் தோளில் சுமந்து பின்னால் வருகிறாள். ஆளாளுக்குத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் கதையே வேறு. விமானத்தில் படைவீரர்களை முன்கூட்டியே ஏற்றுவார்கள், கடைகளில் தள்ளுபடி உண்டு, முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்து "உங்கள் சேவைக்கு நன்றி" என்பார். வியட்நாமிலிருந்து வந்தவர்களைச் சரியாக வரவேற்கவில்லையே என்கிற உறுத்தலும் இதில் உண்டு. 1973-இல் கட்டாயமாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது முக்கால்வாசி வீடுகளில் பட்டாளத்துப் பிள்ளை கிடையாது. பிள்ளையை அனுப்பாத வீட்டுக்காரர்தான் அதிகமாக நன்றி சொல்கிறார் என்பது என் அபிப்பிராயம். அங்கே மரீன்ஸ்காரரை 'சோல்ஜர்' என்றால் முகம் சுருங்கிவிடுமாம். நாம் கோஸ்ட் கார்டு ஆபீசரை 'போலீஸ் சார்' என்கிறோமே, அதற்கு அவர் முகம் எப்படிப் போகும் என்று நீயே பார்த்திருப்பாய்.

நமக்கு சீருடை என்றால் எல்லாம் ஒன்றுதான். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்கிறவர், ஸ்ரீஹரிகோட்டா பக்கம் தோணி ஒதுங்கினால் விசில் ஊதுகிற சி.ஐ.எஸ்.எஃப்., மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் நடுக்கடலில் அடையாள அட்டை கேட்கிற கோஸ்ட் கார்டு, மரைன் போலீஸ், பறவைச் சரணாலயத்துக் காவலர். யார் வந்தாலும் தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும், வாய் 'சார்' என்றுவிடும். அது பயம் மச்சான். மரியாதைக் கணக்கில் எழுதாதே.

ஆகவே நாட்டாரிடம் சொல். சல்யூட் சீருடைக்காரர்களுக்குள் நடக்கிற சமாச்சாரம், ஊர் ஜனம் அடிக்க வேண்டியதில்லை. அதுவும் நம்ம பையன் அக்னிவீர். 4 வருஷ வேலை, அதில் 100-க்கு 25 பேர் வரைக்கும்தான் நிரந்தரம். கண்ணில் படுகிற ஆபீசருக்கெல்லாம் அவன் சல்யூட் அடித்துக் கை ஓய்ந்து வருகிறான், நீங்கள் வேறு ஆரம்பிக்காதீர்கள். என்னவென்று கூப்பிடுவது என்றால், 1758-இல் தொடங்கிய அவனுடைய மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய்களுக்கு 'தம்பி' என்றே பெயர். வடநாட்டு ஆபீசர்கூட அப்படித்தான் சொல்வார். அவர்களுக்குப் போதுமானது நமக்குப் போதாதா? வணக்கம் சொல்லுங்கள், இல்லை ஜெய் ஹிந்த் சொல்லுங்கள். 1943-இல் இங்கே பாடாங் திடலில் நேதாஜி முன்னால் நின்ற ஐ.என்.ஏ. படையின் வணக்கம் அது. தோட்டக்காட்டுத் தமிழர்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் சேர்ந்தார்கள்.

வந்து இறங்கினதும் "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்க வேண்டாம். எந்த எல்லை, எந்த முகாம் என்று துருவவும் வேண்டாம். முக்கியமாக, பெட்டியை இறக்கி வைப்பதற்குள் "கேன்டீன் சரக்கு எங்கே?" என்று உன் சித்தப்பா கேட்டுவிடாமல் பார்த்துக்கொள். அவர் அந்தப் பையனைப் பட்டாளத்துக்கு வாழ்த்தி அனுப்பியதே அதற்காகத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

ஊர்க்கோடியில் இருக்கும் ஹவில்தார் பெரியவரை எல்லாரும் 'மிலிட்டரி' என்றே கூப்பிடுகிறோம், பேரே மறந்துபோச்சு. கல்யாணப் பத்திரிகையில் அவர் பேரைப் போடும்போது முதலில் 'ஹவில்தார்', பிறகு பேர், கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று அச்சடிக்கச் சொல். பட்டங்களை ஒழித்த அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவே ராணுவப் பட்டத்தையும் படிப்புப் பட்டத்தையும் விட்டுவைத்திருக்கிறது.

டிசம்பர் 7 கொடிநாள். 1949-லிருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியல் கொண்டு வரும்போது சில்லறை இல்லை என்று கதவைச் சாத்துகிறோம். அந்தப் பணம் முன்னாள் படைவீரர்களுக்கும், போரில் செத்தவர் குடும்பங்களுக்கும் போகிறது. இந்த வருஷம் தோணிக்கு நூறு ரூபாய் வீதம் வசூலித்து, ஹவில்தார் கையாலேயே உண்டியலில் போடச் சொல் மச்சான். என் பங்கை அக்கா கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்